கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மலை யாருக்குச் சொந்தம்?

கார் வைத்திருப்பவருக்கா? பெரிய ஓட்டலில் அறை எடுத்துத் தங்குபவருக்கா?

பஸ்சுக்குச் சில்லறையும், நடக்கக் காலும் உள்ள எல்லோருக்கும் மலை சொந்தம்!

தமிழ்நாட்டில் இது வெறும் பேச்சு அல்ல. நம்முடைய மலைகளில் பலவற்றுக்கு சர்க்கார் பஸ் போகிறது. சில மலைகளில் உச்சிக்குப் பக்கத்திலேயே கொண்டு போய் விடுகிறது. சில மலைகளில் அடிவாரம் வரை போகிறது. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு பை, பையில் புளிச்சோறு. குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க இதைவிட மலிவான, இதைவிட உயர்ந்த வழி வேறு இல்லை.

ஆனால், மலை ஏறுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்க வேண்டும். பஸ்சை விட்டு இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்க வேண்டும்.

"கீழே இறங்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

இந்த ஒரு கேள்விக்குள் உயிர் விஷயம் அடங்கி இருக்கிறது.

பஸ் ஏறும் மலைகள்

வட மாவட்டத்தாருக்குப் பக்கத்தில் இருப்பது ஏலகிரி. சென்னையில் இருந்து ரெயிலில் வந்தால் ஜோலார்பேட்டையில் இறங்கலாம். திருப்பத்தூரில் இருந்து பஸ் இருக்கிறது. மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரும், கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பலகையில் உள்ள பெயர்களைக் குழந்தைகள் உரக்கப் படித்துக் கொண்டே வந்தால், மலை ஏறியதே தெரியாது. ஊரின் உயரம் சுமார் 3 ஆயிரத்து 500 அடி. அங்கிருந்து சுவாமிமலை என்ற உச்சிக்கு நடந்து ஏறலாம்.

கொல்லிமலைக்கு நாமக்கல்லில் இருந்தும், சேலத்தில் இருந்தும் பஸ் உண்டு. இங்கே வளைவுகள் 70! வில்லுக்குப் பெயர் பெற்ற வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அறப்பளீசுவரர் கோவில் வரை பஸ் போகும். கோவிலுக்குப் பக்கத்தில் இருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். ஆகாய கங்கையில் முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். போகும்போது குழந்தைகள் துள்ளிக் குதித்து இறங்குவார்கள். குளித்துவிட்டு, களைத்த காலோடு ஆயிரம் படி ஏறும்போதுதான் மலை தன் பெயரைச் சொல்லும். அருவியில் இருந்து ஏறிவர, இறங்கியதைப் போல் இரண்டு மடங்கு நேரமாவது ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே வரும்போது பஸ் புறப்பட்டுப் போயிருக்கும்.

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுகள். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு 18 வளைவுகள். இரண்டுக்கும் பஸ் உண்டு. நீலகிரிக்கோ பஸ்சும் உண்டு, ரெயிலும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஓடும் மலை ரெயிலை, 2005-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக் கொண்டது. ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தொட்டபெட்டா, 8 ஆயிரத்து 650 அடி உயரம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் அதுதான்.

சுமை தூக்கிகள் போட்ட பாதை

இந்தப் பாதைகள் உல்லாசப் பயணிகளுக்காகப் பிறந்தவை அல்ல. மலைவாழ் மக்கள் தேனுக்கும் கிழங்குக்கும் நடந்த வழிகள் அவை. பக்தர்கள் சாமி கும்பிட நடந்த வழிகள். கூலி ஆட்கள் தலையில் சுமையோடு ஏறிய வழிகள்.

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே "கொடைக்கானல் ரோடு" என்று ஒரு ரெயில் நிலையம் இருக்கிறது. மலை அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரம்! மோட்டார் ரோடு போடுவதற்கு முந்திய காலத்தில், கொடைக்கானல் போகிறவர்கள் இந்த நிலையத்தில் இறங்குவார்கள். மாட்டு வண்டி பிடித்து, பெரியகுளம் பக்கம் மலை அடிவாரத்துக்குப் போவார்கள். அதற்கு மேல் நடை. நடக்க முடியாத துரைமார்களையும் துரைசானிகளையும் கூலி ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக் கொண்டு ஏறினார்கள்.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ளது குரங்கணி. போடியில் இருந்து அங்கே பஸ் போகிறது. குரங்கணியில் இருந்து மலைக்கு மேலே உள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஒரு நடைபாதை ஏறுகிறது. வழியில் ஓர் இடத்துக்குப் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன்!

காட்டுக்குள் எப்படி வந்தது ஸ்டேஷன்?

வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தோட்டத்துத் தேயிலை, குண்டளை பள்ளத்தாக்கு ரெயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அங்கிருந்து கம்பி வழியாகத் தொங்கிக் கொண்டு, குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கியது. பிறகு போடிக்குப் போயிற்று. 1924-ம் ஆண்டு பெருவெள்ளத்தில் அந்த ரெயில் அழிந்தது. ரெயில் போய்விட்டது. கம்பியும் போய்விட்டது. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலையில் நிற்கிறது.

இப்போது போடிக்கே ரெயில் திரும்பி வந்திருக்கிறது. மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தப்பட்ட ரெயில், 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் போடிநாயக்கனூருக்கு மறுபடியும் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறினால் போடியில் இறங்கலாம். பஸ் மாறினால் குரங்கணி.

வழி இவ்வளவு எளிது. ஆனால் குரங்கணி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்கு இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் இருந்தும், ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்தும் மலையேற வந்தவர்கள் குரங்கணி காட்டில் இருந்தார்கள். பலர் பெண்கள். பலர் இளம் வயதினர்.

கோடையில் காய்ந்து சருகான புல்லில் தீப் பிடித்தது. காற்று அதைத் தூக்கிக் கொண்டு ஓடியது. புகையில் வழி தெரியவில்லை. திக்குத் தெரியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள்.

முதலில் ஓடி வந்தவர்கள் மலைக் கிராமத்தாரும், தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையில் கட்டித் தூக்கினார்கள். பிறகு தீயணைப்புப் படையினரும், வன இலாகாவினரும், போலீசாரும் வந்தார்கள். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. அங்கேயே மாண்டவர்கள் பலர். ஆஸ்பத்திரியில் மாண்டவர்கள் பலர். மொத்தம் 23 உயிர்கள் போயின.

குரங்கணி - டாப் ஸ்டேஷன் பாதைதான் அனுமதிக்கப்பட்டது என்றும், அவர்கள் போன கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி இல்லை என்றும் வன இலாகா அப்போது சொன்னது. போனவர்களில் பலருக்கு இந்த வேறுபாடே தெரிந்திருக்காது. அழைத்துப் போகிறவரை நம்பி ஏறியவர்கள் அவர்கள்.

இந்தத் துயரத்தில் இருந்து சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "மலைக்கே போகக் கூடாது, பூட்டி விடுங்கள்" என்றார்கள்.

அது சரியான முடிவு அல்ல. கடலில் ஒருவர் மூழ்கினார் என்று கடற்கரையை மூட முடியுமா? எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த மாதம் போகலாம், யாரோடு போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்ற செய்தி, பஸ் ஏறும் சாதாரண மனிதனின் கைக்கு எட்ட வேண்டும். குரங்கணி கற்றுக் கொடுத்த பாடம் இதுதான்.

தீ மேல்நோக்கி ஓடும்

எழுதப் படிக்கத் தெரிவது போல, மலையைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

தீ, சமவெளியில் ஓடுவதைவிட மலைச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும். கீழே எரியும் தீயின் வெப்பம், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்தி வைத்துவிடுகிறது. அதனால் மேலே உள்ள புல் உடனே பற்றிக் கொள்கிறது. மனிதனோ மேட்டில் மெதுவாகத்தான் ஓட முடியும். ஆகவே கீழே தீ தெரிந்தால், புல் சரிவில் மேலே ஓடுவது ஆபத்து. தீயின் வழியை விட்டுப் பக்கவாட்டில் விலக வேண்டும். பாறை வெளி, ஓடை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய கரும் தரை ஆகியவை ஒதுங்க ஏற்றவை.

தண்ணீரும் இப்படித்தான். ஓடையைத் தாண்டும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால் மேலே, கண்ணுக்குத் தெரியாத உச்சியில் மழை கொட்டிக் கொண்டு இருக்கலாம். சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். விருதுநகர் மாவட்டத்தில் தாணிப்பாறை அடிவாரத்தில் இருந்து ஏறும் சதுரகிரியில், 2015-ம் ஆண்டு மே மாதம் இப்படித் திடீர் வெள்ளம் வந்தது. சாமி கும்பிட வந்தவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். நிறம் மாறி, கலங்கி வரும் ஓடையைத் தாண்டக் கூடாது. இக்கரையிலேயே, மேடான இடத்தில் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நம்முடைய நெஞ்சு. கோவைக்குப் பக்கத்தில் பூண்டி அடிவாரம் வரை பஸ்சில் போய், வெள்ளியங்கிரியின் 7 மலைகளையும் ஏறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஏறும் காலத்தில் மூச்சுத் திணறியும், மாரடைப்பு வந்தும் சிலர் இறந்து போகும் செய்தி வருகிறது. ரத்தக் கொதிப்பு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செங்குத்தான மலை ஏறக் கூடாது. மார்பில் பாரம் ஏறினாலும், இடது கை வலித்தாலும், காரணம் இல்லாமல் வியர்த்தாலும் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே" என்று ஏறக் கூடாது. மலை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்!

இரவு தங்கும் பஸ்

இனி பஸ்சுக்கு வருவோம்.

வெளியூர்க்காரர்கள் ஏமாந்து போகும் இடம் ஒன்று உண்டு. மலை ஊர்களுக்குக் கடைசியாக மேலே வரும் பஸ், பெரும்பாலும் அன்று இரவு கீழே திரும்பாது. டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துவிடுவார்கள். "நைட் ஹால்ட்" என்று அதற்குப் பெயர். மறுநாள் விடியற்காலையில் அதே பஸ், முதல் பஸ்சாகக் கீழே இறங்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இது பெரிய வசதி. பால்காரரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரி போகிறவர்களும் அந்த முதல் பஸ்சை நம்பித்தான் இருக்கிறார்கள்.

"கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டால், உள்ளூர்க்காரர் "8 மணிக்கு" என்பார். அது மேலே வரும் பஸ்! கீழே இறங்கும் கடைசி பஸ் 5 மணிக்கே போயிருக்கும். ஆகவே "கீழே இறங்கும் கடைசி பஸ்" என்று அழுத்திக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த பஸ் ஓடுமா என்பதையும் கேட்க வேண்டும்.

பிறகு ஒரு சிறு கணக்கு.

மலையில் நடக்கும் நேரத்தைக் கணக்கிட, 1892-ம் ஆண்டு ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் ஒரு வழி சொன்னார். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 மணி நேரம். 2 ஆயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னும் 1 மணி நேரம். உலகம் எங்கும் மலையேறுகிறவர்கள் இன்றும் இதைக் கணக்கில் வைத்துக் கொள்கிறார்கள். இது திடகாத்திரமான ஆளுக்கு. பெண்டு பிள்ளைகளோடு போனால் பாதி நேரம் கூட்டிக் கொள்ள வேண்டும்.

உதாரணமாக, பாதை 5 கிலோமீட்டர், ஏற்றம் 2 ஆயிரம் அடி என்று வைத்துக் கொள்வோம். குடும்பத்தோடு ஏற 3 மணி நேரம். மேலே சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் 1 மணி நேரம். இறங்க 2 மணி நேரம். மொத்தம் 6 மணி நேரம். கடைசி பஸ் 5 மணிக்கு என்றால், 4½ மணிக்கு பஸ் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதாவது காலை 10½ மணிக்குள் ஏறத் தொடங்கி இருக்க வேண்டும். மேலே எங்கே இருந்தாலும் 2½ மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் சரி, 2½ மணி என்றால் திரும்ப வேண்டியதுதான்.

நண்பகலில் வந்து இறங்கினால் உச்சி ஆசையை விட்டுவிட வேண்டும். பாதி வழி போய், நல்ல பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டு இறங்கலாம். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

மலையில் மாலை சீக்கிரம் வரும். மேற்கே உயர்ந்த மலை மறைத்தால் பள்ளத்தாக்கில் முன்னதாகவே நிழல் விழுந்துவிடும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் குறையும். யானையும், கரடியும், காட்டெருமையும் நடமாடும் நேரம் அந்திதான். பஸ்சைப் பிடிக்க அவசர அவசரமாக இருட்டில் இறங்கினால், கால் இடறும், வழி தவறும்.

40 பாதைகள்

குரங்கணி தீக்குப் பிறகு 2018-ம் ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம், தமிழ்நாடு சர்க்கார் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகள் பிரிக்கப்பட்டன. மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வழிகாட்டிகளாக வேலையும் கொடுத்தார்கள்.

நல்ல காரியம்! காட்டை அறிந்தவர் முன்னே நடக்கிறார். அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. பின்னே நடப்பவர் பத்திரமாகத் திரும்புகிறார்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கட்டணம் தலைக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி, சில ஆயிரம் ரூபாய் வரை போடப்பட்டது. 2 பிள்ளைகளோடு போகும் தறிக்காரர் குடும்பமோ, கொத்தனார் குடும்பமோ இதை எப்படிக் கொடுக்க முடியும்? பஸ் செலவு சில்லறை. பாதைச் செலவு ஒரு வாரச் சம்பளம் என்றால், ஏழை அனுமதி இல்லாத பாதையைத் தேடித்தான் போவான். அந்தப் பாதையில் வழிகாட்டி இல்லை. தீ வந்தால் சொல்வார் இல்லை.

பதிவு செய்வதும் இணையதளம் வழியாக. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் அதில் புகுந்து புறப்படுவது சுலபம் அல்ல.

நெரிசலுக்கும் பஸ்தான் மருந்து

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கார் நெரிசல் தாங்க முடியாமல், 2024-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறையைச் சென்னை ஐகோர்ட்டு கொண்டு வரச் சொன்னது. 2025-ம் ஆண்டில் இத்தனை வண்டிகள்தான் என்று எண்ணிக்கையும் வகுக்கப்பட்டது. சர்க்கார் பஸ்சில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு வைக்கப்படவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஒரு பஸ்சில் 50 பேர் போகிறார்கள். காரில் 4 பேர் வீதம் போனால், அதே 50 பேருக்கு 13 கார்கள் வேண்டும். மலை ரோட்டில் 13 கார்கள் எங்கே? ஒரு பஸ் எங்கே? புகையும் குறையும்; ரோட்டில் குறுக்கே வரும் காட்டு மிருகமும் பிழைக்கும். பஸ்சில் மலைக்குப் போகிறவர் சிக்கனம் பார்த்துப் போகலாம். ஆனால் மலைக்கு நன்மை செய்து விட்டுத்தான் வருகிறார்.

2021-ம் ஆண்டு மே மாதம் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. 2024-ம் ஆண்டில் அது நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப் பகுதி பஸ்களுக்கும் விரிந்தது. மலையில் வாழும் தாய்மார்கள் வேலைக்கும், சந்தைக்கும், ஆஸ்பத்திரிக்கும் செலவு இல்லாமல் போய்வர இது கைகொடுத்தது. மலைக்கு பஸ் என்பது முதலில் மலை மக்களுக்குத்தான். வெளியூர்க்காரர் அதில் விருந்தாளி.

மஞ்சள் பலகையும் மஞ்சள் பஸ்சும்

சுவிட்சர்லாந்து மலை நாடு. அங்கே சுமார் 65 ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதைகள் இருக்கின்றன. முச்சந்தி தோறும் மஞ்சள் பலகை நிற்கும். அடுத்த ஊருக்கு இத்தனை மணி, இத்தனை நிமிடம் நடை என்று அதில் எழுதி இருக்கும். கடினமான மலைப் பாதைக்கு வெள்ளை - சிவப்பு - வெள்ளை அடையாளம். கயிறு பிடித்து ஏறத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரிய பாதைக்கு வெள்ளை - நீலம் - வெள்ளை. சிறு பிள்ளைகூட நிறத்தைப் பார்த்து, "இது நமக்கு ஆகாது" என்று திரும்பிவிடும்.

அந்தப் பாதைகளின் முனைகளுக்கு மஞ்சள் நிறத் தபால் பஸ் வந்து போகிறது. முன்பு தபால் மூட்டையோடு மனிதர்களையும் ஏற்றிச் சென்ற வண்டிகளின் வாரிசு அது. வளைவுகளில் மூன்று சுரத்தில் ஊதிக் கொண்டு வரும். ஒரு ஊரில் இறங்கி, மலையைத் தாண்டி நடந்து, இன்னொரு ஊரில் பஸ் ஏறலாம். நடைபாதைகளைக் காப்பது சர்க்கார் பொறுப்பு என்று, 1979-ம் ஆண்டு அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள்.

பணக்கார நாடு என்பதால் செய்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு பலகைக்கும், ஒரு டப்பா பெயிண்டுக்கும் என்ன செலவு?

நம்மால் முடியாதது அல்ல. பவுர்ணமி தோறும் திருவண்ணாமலைக்குச் சிறப்பு பஸ்கள் ஓடுகின்றன. விடிய விடிய 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டத்தை ஏற்றி இறக்குவது நம்முடைய டிரைவர்களும் கண்டக்டர்களும்தான். பக்திக்குச் செய்வதில் ஒரு சிறு பங்கை, ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்களுக்கும் செய்தால் போதும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

மலை அடிவார பஸ் நிலையங்களில் பெரிய எழுத்தில் தமிழ்ப் பலகை வைக்க வேண்டும். எந்தப் பாதை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேர நடை, மேலே போகும் முதல் பஸ், கீழே இறங்கும் கடைசி பஸ், அனுமதி கொடுக்கும் இடம். இந்த ஆறும் அதில் இருந்தால் போதும்.

தீக் காலத்திலும் பெருமழைக் காலத்திலும் பாதை மூடப்பட்டால், அதே பலகையில் சிவப்பில் எழுத வேண்டும். பஸ்சில் ஏறும்போதே கண்டக்டர் சொல்ல வேண்டும்.

எளிதான பாதைகளில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, ஏழைக் குடும்பங்களுக்கும் சர்க்கார் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சொற்பக் கட்டணம் வைக்க வேண்டும். வழிகாட்டியின் கூலியில் கை வைக்கக் கூடாது. அந்த வித்தியாசத்தை சர்க்கார் ஏற்க வேண்டும்.

இணையதளம் தெரியாதவர்கள் நேரில் பேர் கொடுக்க, வன இலாகா ஆபீசில் ஒரு ஜன்னல் திறக்க வேண்டும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் கட்டிவிட முடியாது. போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

திறந்த பாதையில் மட்டும் போக வேண்டும். அனுமதி கேட்காமல் காட்டில் கால் வைக்கக் கூடாது.

போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலும், அடிவாரத்து டீக்கடையிலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆள் வரவில்லை என்று முதலில் தேடுவது அவர்கள்தான்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கொஞ்சம் வெல்லம், ஒரு டார்ச் லைட், ஒரு ஊதல், சுத்தமான துணி. இவை பையில் இருக்க வேண்டும். செல்போனை மட்டும் நம்பக் கூடாது. பல மலைகளில் அது பேசாது.

கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்க வேண்டும். வேகமாக நடப்பவர் பின்னால் வர வேண்டும். அப்போது யாரும் தனித்துப் போக மாட்டார்கள்.

பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் காட்டில் கூடாது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

கொண்டு போன காகிதமும் பாட்டிலும் பையிலேயே திரும்பி வர வேண்டும். குரங்குக்குத் தீனி போடக் கூடாது. இன்று கையில் வாங்கும் குரங்கு, நாளை பிள்ளையின் கையில் இருந்து பிடுங்கும்.

மலைவாழ் மக்களின் வீட்டு வாசலில் நின்று, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அது அவர்கள் ஊர்.

இத்தனையும் செய்தால் மலை பயம் தராது. கலப்படம் இல்லாத காற்று, பனி, குழந்தைகள் கண் விரியப் பார்க்கும் பள்ளத்தாக்கு எல்லாம் பஸ் டிக்கெட் விலையில் கிடைக்கும். பட்டணத்துச் சந்தில் பிறந்த பிள்ளை, மேகம் தன் காலுக்குக் கீழே போவதை ஒரு தடவை பார்த்தால், ஆயுள் முழுவதும் மறக்காது.

குரங்கணியில் மாண்ட 23 பேரும் இந்த மகிழ்ச்சியைத் தேடித்தான் போனார்கள். மலையை மூடினால் அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அடுத்து ஏறும் ஒவ்வொருவரும் வீடு திரும்ப வழி செய்ய வேண்டும்.

அந்த வழி, பஸ் நிலையத்தில் ஒரு பலகையில் தொடங்கட்டும்!